ஆதம் தின்றது கோதுமையா?

மேசை நடுவில் ஒரு தட்டு நிறைய வர்க்கி இருந்தது. சுற்றிலும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தேநீர் வந்து, ஆறி, ஏடு கட்டிவிட்டது. வர்க்கியை யாரும் தொடவில்லை.

கோயமுத்தூரில் ஒரு கூட்டத்தில் வர்க்கி அப்படியே மீந்துபோய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அந்த மொறுமொறு பிஸ்கட்டும் கோதுமை மாவில் செய்ததுதான். அன்றைக்குக் கோதுமையைத் தின்றால் ஒரு கட்சி, தள்ளினால் இன்னொரு கட்சி என்று ஆகியிருந்தது.

நின்றுகொண்டிருந்தவர் எங்கள் பள்ளிவாசல் இமாம். ஹஸ்ரத் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், நாற்பதைத் தாண்டியவர், எதையும் மெதுவாகச் சொல்பவர். அவரை உட்காரச் சொல்ல வேண்டியவர் பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் அப்துல் ஜப்பார். உக்கடம் பக்கத்தில் மாவு மில் வைத்திருப்பவர். ஊருக்கு அவர் மில் பாய். அவர் சொல்லவில்லை.

"ஹஸ்ரத், ஒரே வார்த்தைதானுங்க. வர்ற வெள்ளிக்கிழம ஜும்மாவுல நின்னு, அந்த மரம் கோதுமை இல்லைன்னு சொல்லிப்போடுங்க. சோலி முடிஞ்சுது."

"சொல்ல முடியாதுங்க தலைவரே."

"அப்பக் கோதுமைதாங்கறீங்களா?"

"அப்படியும் சொல்ல முடியாதுங்க."

மில் பாய் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? ரெண்டும் முடியாதாமா. அப்ப வேற ஊர்ல எங்காச்சும் முடியுதான்னு பாத்துக்கோங்க ஹஸ்ரத்."

பொங்கல் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஹஸ்ரத்தின் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் குடியிருந்த வீடு பள்ளிவாசலுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும், பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடமும் போகும். அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஹஸ்ரத்துக்கும் தெரியும். அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிவாசலில் ஞாயிறு மாலை அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடையில் தஃப்ஸீர் வகுப்பு நடக்கும். தஃப்ஸீர் என்றால் குர்ஆன் விரிவுரை. ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். ஹஸ்ரத்தின் குரல் எங்களுக்கு ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி வழியாக வரும். கரகரக்கும்போது யாராவது ஒரு தட்டுத் தட்டுவார்கள். சரியாகிவிடும்.

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். பக்தி ஒரு காரணம். மாலை நேரத்தில் வேலை இல்லாமல் உட்காரத் தெரியாதது இன்னொரு காரணம். எனக்குப் பக்கத்தில் மில் பாயின் மனைவி மும்தாஜ் அக்கா உட்காருவார். வயர் கூடையில் பிளாஸ்க்கோடு வருவார்.

முதல் வகுப்புகளில் எனக்குப் பொறுமை போனது. ஹஸ்ரத் ஒரு வசனத்தை எடுப்பார். "இதுக்கு ஒரு சாரார் இப்படிச் சொல்றாங்க. இன்னாருகிட்ட கேட்டு இன்னாரு சொன்னது. இன்னொரு சாரார் அப்படிச் சொல்றாங்க" என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் வரும். ஐந்துக்கும் ஆள் பெயர் வரும். மனிதர் விஷயத்துக்கு வரவே மாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது. இது என்னுடைய பழைய வேலை.

"யாரு கூறினா?"

எங்கள் அலுவலகத்தில் சுந்தரேசன் என்று ஒரு தலைமைத் துணை ஆசிரியர் இருந்தார். செய்தியில் "எனக் கூறப்படுகிறது" என்று எழுதி அவரிடம் கொடுத்தால் தாள் பறக்கும். "யாரு கூறினா? உங்க சித்தப்பாவா? பேரு போடு, இல்ல அடிச்சுத் தள்ளு" என்பார். நிருபர்கள் அவருக்குப் பயந்தே நாலு இடத்துக்குக் கூடுதலாகப் போன் செய்வார்கள்.

பழைய விரிவுரையாளர்களிடமும் அப்படி ஒரு சொல் உண்டு என்று ஹஸ்ரத் ஒரு முறை சொன்னார். "கீல" என்பார்கள். "சொல்லப்படுகிறது" என்று பொருள். பெயர் தெரிந்த, வலுவான கருத்துகளையெல்லாம் எழுதிவிட்டு, வலுவில்லாத ஒன்றைக் கடைசியில் இந்தச் சொல்லோடு ஓரமாக உட்கார வைப்பார்களாம். படிப்பவன் அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று பொருள். தூக்கி எறிவதும் இல்லை, தலையில் வைத்துக்கொள்வதும் இல்லை. எல்லாம் எழுதி முடித்துவிட்டு "அல்லாஹ்வே நன்கறிந்தவன்" என்று பேனாவை வைப்பார்கள்.

சுந்தரேசன் இருந்திருந்தால் அவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே இரவுப் பணி போட்டிருப்பார்.

மூன்று மரங்கள்

சம்பவம் நடந்த ஞாயிறன்று எடுத்துக்கொண்ட வசனம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆதமும் அவர் மனைவியும் சொர்க்கத்தில் இருக்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் உண்ணலாம், இந்த ஒரு மரத்தை மட்டும் நெருங்கக் கூடாது. என்ன மரம் என்று குர்ஆன் சொல்லவில்லை.

சொல்லாததைக் கேட்பது மனித இயல்பு. ஆகவே விரிவுரையாளர்கள் கேட்டிருக்கிறார்கள். அது கோதுமை என்று ஒரு சாரார். திராட்சைக் கொடி என்று ஒரு சாரார். அத்தி என்று இன்னொரு சாரார். கோதுமை என்றவர்களிடம் வர்ணனையும் இருந்தது. அங்கே விளைந்த கோதுமை மணி ஒவ்வொன்றும் மாட்டின் சிறுநீரகம் அளவு பெரியது, வெண்ணெயைவிட மிருதுவானது, தேனைவிட இனிப்பானது என்று.

மாடியில் பெண்கள் "சுப்ஹானல்லாஹ்" என்றார்கள். ஒருவர் அந்த மாவில் பூரி எப்படி உப்பும் என்று கேட்டார்.

பிறகு ஹஸ்ரத் திராட்சைக்குப் போனார், அத்திக்குப் போனார். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், கீழே பாதிப் பேர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ செய்ய எழுந்த நேரத்தில், முடிவுக்கு வந்தார். பழைய பெரியவர்கள் இத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் சொல்வது இதுதான்: அது எந்த மரம் என்பதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. தெரிந்தால் அதனால் பயன் இல்லை. தெரியாவிட்டால் நட்டம் இல்லை. வேண்டாம் என்று சொன்னதை இருவரும் செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

மும்தாஜ் அக்கா என் முழங்கையை இடித்தார். "கேட்டீங்களா அம்மணி? ரெண்டு பேருமாத்தான் தின்னிருக்காங்க. எங்கூட்டுக்காரரு இத்தன வருசமா பொம்பளயாலதான் எல்லாம்னுட்டுத் திரியறாரு."

கோதுமை சாப்பிடுபவர்கள் உடனே பார்க்கவும்

இரண்டு நாள் கழித்து என் வாட்ஸப்பில் ஒன்று வந்தது. கோதுமை வயல் ஒன்று தீப்பிடித்து எரிகிறது. மேலே சிவப்பு எழுத்தில் "கோதுமை சாப்பிடுபவர்கள் உடனே பார்க்கவும்! ஹஸ்ரத் சொல்லும் அதிர்ச்சித் தகவல்!" அழுத்தினால் எங்கள் ஹஸ்ரத்தின் குரல். ஆதமுக்குத் தடுக்கப்பட்ட மரம் கோதுமை என்கிறது. மாட்டுச் சிறுநீரகம், வெண்ணெய், தேன். தேனோடு நின்றுவிடுகிறது. திராட்சை இல்லை, அத்தி இல்லை, முடிவும் இல்லை.

அரை நிமிடம்தான். ஆனால் அது செய்த வேலை பெரிது.

சர்க்கரை வியாதிக்காக ராத்திரி சப்பாத்தி தின்றுகொண்டிருந்த ஆண்கள் ஒரே வாரத்தில் மார்க்கப் பற்று முற்றி இட்லிக்குத் திரும்பினார்கள். அவர்களுடைய மனைவிமார் மருத்துவரிடம் புகார் செய்தார்கள். பரோட்டாவை யாரும் நிறுத்தவில்லை. அது மைதா என்றார்கள். மைதா எந்தச் செடியில் காய்க்கிறது என்று நான் கேட்கவில்லை.

அடி விழுந்தது மில் பாய்க்குத்தான். கோதுமை அரைக்க வந்தவர்கள் டப்பாவை இறக்கி வைத்துக்கொண்டே கேட்டார்கள்: "ஏனுங் பாய், இத அரைச்சுத் தின்னா எங்களையும் வெளிய அனுப்பிப்போடுவாங்களா?" முதலில் கேட்டவரிடம் மில் பாய் சிரித்தார். நாள் முழுக்கச் சிரிக்க யாராலும் முடியாது. வார முடிவில் கூட்டம் கூட்டிவிட்டார்.

மறுப்பு எழுத வந்தவள்

அந்த அறையில் பெண் நான் ஒருத்திதான். ஊரில் எனக்குப் பேப்பர்க்காரம்மா என்று பெயர். ஒரு மறுப்பு அறிக்கை எழுத வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். வதந்திக்கு மறுப்பு, வாழ்த்துக்கு நன்றி, இரண்டுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னன்னு மறுக்கறதுங்க?" என்று கேட்டேன்.

"கோதுமை இல்லைன்னு."

"ஹஸ்ரத் அப்படிச் சொல்ல முடியாதுங்கறாரே."

மில் பாய் யோசித்தார். முகம் தெளிந்தது. "சரி, கோதுமையத் தொட வேண்டாம். திராட்சைன்னு ஒரு கட்சி இருக்குதில்லீங்க? அதப் போட்டுருங்க. அதுவும் கிதாபுல இருக்கறதுதானுங்களே."

பொருளாளர் ஷாஜகான் அதுவரை பேசவில்லை. அவருக்குத் திராட்சை மண்டி. "ஏனுங்க தலைவரே, உங்க யாவாரம் நல்லா இருக்கோணும்னு எங்க யாவாரத்துல மண்ணப் போடறீங்களா? பன்னீர் திராட்சை வர்ற சீசனுங்க இது."

"அப்ப அத்திப்பழம்னு..."

செயலாளர் சாதிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். ஆர்.எஸ்.புரத்தில் அவருக்கு உலர்பழக் கடை. "அத்தியா? நோம்பு வருதுங்க! கடை பூரா அத்தி எறக்கி வெச்சிருக்கறேன்!"

சிறிது நேரம் மூவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஆயிரம் ஆண்டு பழைய மூன்று கருத்துகளுக்கும் எங்கள் நிர்வாகக் குழுவில் ஆளுக்கொரு பிரதிநிதி இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். ஹஸ்ரத்தும் கவனித்திருக்க வேண்டும். குனிந்து தரையைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

நான் கையிலிருந்த பேனாவை மூடினேன். "மறுப்பு அப்புறம் எழுதலாமுங்க. முதல்ல இது யார்கிட்டிருந்து வந்துதுன்னு பாக்கலாம். சாதிக் பாய், உங்களுக்கு யாரு அனுப்பினா?"

"என்ற மச்சான். பவானில ஜமக்காளக் கடை."

"கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ஹஸ்ரத் தலையை நிமிர்த்தினார். அன்று மாலை முதல் முறையாக முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "இதத்தானுங்க எங்க ஆளுங்க அந்தக் காலத்துல இருந்து பண்ணிட்டு வர்றாங்க" என்றார். "உனக்கு யாரு சொன்னா, அவருக்கு யாரு சொன்னான்னு, முதல் ஆள் வரைக்கும் போய்ப் பாக்கறது."

சென்னிமலை வரை

போன் மேசைமேல், வர்க்கித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது.

பவானி மச்சான் உற்சாகமாக எடுத்தார். "ஆமாங்க மாமா, நாந்தான் அனுப்பிச்சேன். நெம்பப் பேரு பாத்துட்டாங்களாமா?"

"அந்த நெருப்பு, செவப்பு எழுத்தெல்லாம் யாரு போட்டது?"

"அதுவும் நாந்தானுங்க. வெறுமனே அனுப்பிச்சா யாரு தொறந்து பாக்கறா?"

"உனக்கு யாரு குடுத்தா?"

"சென்னிமலைல பெட்ஷீட் எடுக்கப் போயிருந்தனுங்க. அங்க பேக்கரி வெச்சிருக்கற குப்புசாமியண்ணன்தான், உங்க ஆளுக பேசறாங்க பாருங்கன்னு காட்டுனாரு. நம்பர் தாரேன்."

சாதிக் நம்பரைப் போட்டார். மணி நிறைய அடித்த பிறகு குப்புசாமியண்ணன் எடுத்தார். பின்னால் தட்டு உருளும் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே ஞாபகம் வந்தது.

"அதுங்களா? நம்ம மில் பாய் குரூப்புல வந்துதுங்க. ஞாயித்துக்கிழம சாயங்காலம். நாம அங்கதானுங்களே ஆட்டா எடுக்கறது. 'சொர்க்கத்துத் தரம், ஜப்பார் ஆட்டா'ன்னு மேல எழுதி, பூப் படம் போட்டு பாயே அனுப்பிச்சிருந்தாருங்க. ஆஃபர் ஏதாச்சும் விட்டிருக்கறாரான்னு கேக்கலாம்னு இருந்தனுங்க. பாய் பக்கத்துல இருக்கறாருங்களா?"

எல்லோரும் மில் பாயைப் பார்த்தோம்.

"அலோ? ஏனுங்க?"

சாதிக் போனை அணைத்தார்.

மில் பாய் வர்க்கித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அது வேற, இது வேற" என்றார்.

ஹஸ்ரத்துக்கு அது நல்ல தருணம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அவர் வகுப்பில் பேசும் குரலிலேயே பேசினார். "யாருக்கு யாரு சொன்னாங்கற தொடர் சரியாத்தானுங்க இருக்குது. ஒருத்தர் பாதியில நிறுத்திப்போட்டாரு. ஒருத்தர் சொந்தமாக் கொஞ்சம் சேத்துப்போட்டாரு. ரெண்டுமே பழைய தப்புதானுங்க தலைவரே. இதுகளுக்கெல்லாம் எங்க கிதாபுல தனித்தனியாப் பேரே இருக்குது."

முடிவெடுக்காமல் கூட்டம் கலைந்தது.

ஒரு காலியிடம்

அன்று இரவு மும்தாஜ் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்குமுன்பே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குத் தெரியாதுங்களா? ஞாயித்துக்கிழம சோறு திங்கையிலயே போட்டுப் போட்டுக் காட்டுனாரு. 'பாரு, நம்ம சரக்கப் பத்தி ஹஸ்ரத் எப்புடிப் பேசறாரு'ன்னு. பொறவு அந்த நெருப்புப் படம் வந்துது. 'ஏனுங்க, இது நீங்க அனுப்பிச்சதுதான்'னேன். அது வேற, இது வேறன்னாரு."

"இப்ப என்ன பண்ணுவாருங்க அக்கா?"

"தெரியல கண்ணு. ஹஸ்ரத் ஊட்டம்மா பொஸ்தகம் கட்டறதுக்குக் காலிச் சாக்கு வேணும்னு மில்லுக்கு ஆளு அனுப்பிச்சிருக்கறாங்க. இவரு நல்ல சாக்காப் பாத்துக் குடுங்கன்னு சொல்லிப்போட்டு, வந்து சோறு வேண்டாம்னு படுத்துட்டாரு."

மறுநாள் நான் எழுத உட்கார்ந்தேன். பத்திரிகையில் மறுப்பு வேறு, திருத்தம் வேறு. மறுப்பில் பிறர் தவறு இருக்கும். திருத்தத்தில் நம் தவறு இருக்கும். ஆகவே மறுப்பு பெரிய எழுத்தில் வரும், திருத்தம் உள்பக்கத்து மூலையில் வரும். நான் எழுதியது திருத்தம்.

குழு அதைத் திருத்தியது. கோதுமை என்ற சொல் எடுபட்டது. எடுபட்டதும் திராட்சையும் அத்தியும் தாமே விழுந்தன. மிஞ்சியது இவ்வளவுதான்: "அந்த மரம் இன்னதென்று நமக்குத் தெரியாது. ஹஸ்ரத் அவர்கள் வகுப்பில் சொன்னதும் இதுவே. அவர் பேச்சில் பாதியை மட்டும் வெட்டி அனுப்பியவர் ........" மூன்று வியாபாரிகளும் ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்புக்கொண்ட வாசகம் அந்த முதல் வரி ஒன்றுதான். பழைய விரிவுரையாளர்கள் எந்தக் கடையும் வைக்காமலே இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

புள்ளி வைத்த இடத்தை நான் நிரப்பவில்லை. மில் பாய் தாளை வாங்கி, படித்து, மடித்துப் பையில் வைத்தார்.

ஜும்மா முடிந்ததும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வந்தது. மாடியில் எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். தாளை வைத்து வாசித்தார். "வெட்டி அனுப்பியவர்" என்ற இடத்தில் நின்றார். பெட்டி கரகரத்தது. யாரோ தட்டப் போனார்கள். மும்தாஜ் அக்கா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது நாந்தானுங்க" என்றது பெட்டி. "தூங்கிட்டிருந்தேன். கோதுமைன்னு கேட்டுது, முழிச்சுட்டேன். போன எடுத்துப் பதிஞ்சேன். திராட்சைக்குப் போறாருன்னதும் நிறுத்திப்போட்டேன். அதுக்குப் பொறவு ஹஸ்ரத் என்ன சொன்னாருன்னு நான் கேக்கவே இல்லீங்க. தப்பு என்னுதுதான்."

"தூங்கினதையுமா சொல்லோணும்!" என்றார் மும்தாஜ் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலை மில்லிலிருந்து ஒரு ஆள் ஹஸ்ரத் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். "முதலாளி சொல்லியனுப்பிச்சாருங்க. சாக்கெல்லாம் திருப்பிக் குடுத்துரோணுமாமா. மில்லுல சாக்குத் தட்டுப்பாடாம்." உள்ளே கட்டி வைத்திருந்த அரபி நூல்களை ஹஸ்ரத்தின் மனைவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினார். மகள் சாக்குகளை உதறி மடித்துக் கொடுத்தாள்.

முழுசா ஒரு மணி நேரம்

சில நாள் கழித்து ராகி அரைக்க மில்லுக்குப் போனேன். மில் பாய் பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். அந்த வகுப்பின் முழு ஒலிப்பதிவையும் பள்ளிவாசலில் வாங்கி, ஒரு நொடி வெட்டாமல், பூப் படம் எதுவும் போடாமல், தன் வாடிக்கையாளர் குரூப்புக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "வேணுங்கறவங்க கேக்கட்டும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. கை முழுக்க மாவு. விரல் முட்டியால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங் பாய்!" சென்னிமலை குப்புசாமியண்ணன். "நீங்க அனுப்பிச்சத முழுசாக் கேட்டுப்போட்டனுங்க. பன்னு வேக வேகக் கேட்டது. ஆனாக் கடைசி வரைக்கும் அது எந்த மரம்னு சொல்லவே இல்லீங்களே?"

"யாருக்கும் தெரியாதுங்களாமா."

"என்னுங்க பாய், அத்தன பேரு அத்தன படிச்சிருக்கறாங்க. அவுங்களுக்குமா தெரியாது?"

மில் பாய் என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"படிச்சதுனாலதானுங்க தெரியாதுங்கறாங்க" என்றார். "நானா இருந்தா அப்பவே சொல்லிப்போட்டிருப்பேன்."